விளையாட்டில் எழும்பும் ஓர் ஊர்

"எந்நேரமும் கேம்தானா?" என்று பிள்ளையை ஏசுமுன் ஒருமுறை பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். நின்டெண்டோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட்' விளையாட்டில், மாய உலகமொன்று திறந்து கிடக்கிறது. சிலர் வாளோடு அரக்கர்களைத் தேடி ஓடுவர். சிலர் காளான் பறித்துச் சமைப்பதிலேயே பொழுதைக் கழிப்பர். (நம் வீட்டு அடுப்படியை மட்டும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்!)

பலர் விரும்பும் பணி வேறு. ஹட்சன் என்ற கட்டடத் தொழிலாளி வெறுந்தரையில் ஓர் ஊரை எழுப்புகிறான். விளையாடுபவர் கோடரியால் மரம் வெட்டி, முதலில் 10 கட்டு, பிறகு 20, 30, 50 என்று கொடுக்க வேண்டும். ஊரூராகப் போய்த் தையற்காரி, வியாபாரி என ஆட்களையும் தேடி அனுப்ப வேண்டும். கடைசியில் கலியாணமும் உண்டு!

புத்தளத்தில் இது வெறும் மாயக் கதையா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் மக்களில் பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். கிடுகுக் கொட்டிலில் தொடங்கி, கிணறு, பள்ளிவாசல், பாடசாலை என்று ஊர்களையே எழுப்பினார்கள். அவர்களுக்கு இடமும் சோறும் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் மக்கள்.

விளையாட்டு முடிந்ததும் பிள்ளையை உம்மும்மாவிடம் அனுப்புங்கள். முதல் கொட்டிலுக்குக் கிடுகு தந்தது யார் என்று கேட்டு வரட்டும்.