உங்களுக்குத் தெரியுமா? கொரில்லாவுக்கு மூக்கு ரேகை!

ருவாண்டாவின் எரிமலைத் தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க வெளிநாட்டுப் பயணிக்கு அனுமதிச்சீட்டு 1,500 டாலர். 2017-ல் ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார்கள். அவ்வளவு கொடுத்தும் பார்க்கக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான்! ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு எட்டே பேர். வயது 15 ஆகியிருக்க வேண்டும். சளி, இருமல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் ஜலதோஷம் அவற்றின் உயிருக்கே உலை வைக்கலாம்.

கொரில்லாவைத் தேடி ஏறும் மலைச்சரிவில் பிடிமானத்துக்குக் கைநீட்டினால் காஞ்சொறி மாதிரி அரிக்கும் செடிதான் அகப்படும், கையுறை முக்கியம். அருகே போனதும் வழிகாட்டி தொண்டையைச் செருமுவதுபோல் ஒலி எழுப்புவார். கொரில்லா பாஷையில் ‘பயப்படாதே’ என்று அர்த்தம். எது யார் என்று அவர் கண்டுபிடிப்பது மூக்கைப் பார்த்து. அதன் மேலுள்ள சுருக்கக் கோடுகள், நம் கைரேகைபோல, ஒன்றுக்கொன்று வேறு.