புற்றுநோயும் உடல் நலிவும்

புற்றுநோயாளி நாளுக்கு நாள் மெலிவதைக் கண்டு, வீட்டார் சரிவர உணவளிக்கவில்லை எனக் குறை கூறுவோர் உளர். இது தவறு. பட்டினியுற்ற உடல் பெரிதும் கொழுப்பைச் செலவிட்டுத் தசையை இயன்றவரை காக்கும். இந்நலிவிலோ தசையும் உடன் கரைகிறது. உணவை மட்டும் கூட்டுவதால் இது முற்றிலும் மீளாது.

காரணம் யாது? ஆக்சிஜன் இருந்தும் புற்றுத் திசு குளுகோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுவதை ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் 1920-களில் கண்டார். ஒரு குளுகோஸ் மூலக்கூறினின்று அவ்வழியில் கிட்டும் ஆற்றல் 2 ஏ.டி.பி. மட்டுமே. அவ்வமிலத்தை மீண்டும் குளுகோஸாக்கக் கல்லீரல் 6 ஏ.டி.பி. செலவிடுகிறது. தசைப் புரதமும் குளுகோஸாக மாற்றப்படுகிறது. அழற்சிப் பொருள்கள் இன்சுலினின் செயலைத் தடுப்பதால், மெலிந்த உடலிலும் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும்.

இனிப்பை விலக்கினால் கட்டி மடியும் என்பதும் பிழையே. சர்க்கரையைக் கல்லீரலே ஆக்கிக் கொடுக்கும். மாறாக, இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளி உணவைக் குறைத்தால், சர்க்கரை அபாயமாகத் தாழலாம்.

ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 60 கிலோ உள்ளவர்க்கு 3 கிலோவுக்கு மேல், காரணமின்றிக் குறைந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். எடை பார்க்கும் கருவி ஒன்றே இதற்குப் போதும்.