பனியும் வேணும்... படிப்பும் வேணும்!

அமெரிக்காவுல இன்ஜினீயரிங் படிக்கிறீங்க. பனிச்சறுக்குப் பைத்தியம் பிடிச்சு, காலேஜையே மாத்தலாம்னு ஐடியாவா? அப்போ சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் யூட்டா பல்கலைக்கழகத்தைப் பாருங்க பாஸ்! 2002 குளிர்கால ஒலிம்பிக்ஸின் தொடக்க விழா நடந்ததே இந்த கேம்பஸ் ஸ்டேடியத்தில்தான். பக்கத்து மலையிலேயே ஆல்ட்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட்னு நாலு பனிச்சறுக்குத் தலங்கள். (ஆல்ட்டாவில் ஸ்னோபோர்டுக்குத் தடா!)

ஆனா, பெட்டி கட்டும் முன்னாடி கிரெடிட் கணக்கைப் போடுங்க. நீங்க பாஸ் பண்ணின மேஜர் பாடத்தை அங்கே வெறும் 'எலெக்டிவ்'னு எடுத்துக்கிட்டா, அதே பாடத்தை மறுபடி படிக்கணும். ஒரு வருஷம் கூடினாலும் கூடும். வெளிமாநில ஃபீஸோ ரொம்பவே அதிகம்! சிலபஸை டிபார்ட்மென்ட் அட்வைசருக்கு அனுப்பி, பதிலை எழுத்திலேயே வாங்கிடுங்க. எஃப்-1 விசாவா? 'செவிஸ்' ரெக்கார்டையும் மாத்தணும். இதெல்லாம் முடிஞ்சுதா? இப்போ தைரியமா சறுக்குங்க!