மரம் அறுக்குமுன் திரையில் ஓர் அடுக்களை

இல்லத்தில் நாள்தோறும் உழைப்பு மிகுதியாக நடைபெறும் இடம் அடுக்களை. ஆயினும், புது வீடு கட்டும்பொழுது முன்கூடத்தின் தரைக்கும் முகப்பின் வண்ணத்திற்கும் நாம் செலவிடும் சிந்தனையில் பாதிகூட அடுக்களைக்குக் கிடைப்பதில்லை. "அலமாரிகளைத் தச்சர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். குடிபுகுந்த பின்னரே குறைகள் தெரிகின்றன. இழுப்பறையைத் திறந்தால் எதிரிலுள்ள கைப்பிடியில் இடிக்கிறது. இட்லிக் கொப்பரை எந்தத் தட்டிலும் நுழைவதில்லை. மேடை உயர்ந்துவிட்டதால் சமைப்பவரின் தோள் வலிக்கிறது. அறுத்த பலகையை மீண்டும் ஒட்ட இயலாது; செலவிட்ட பணமும் திரும்பாது. வலியோ, அந்த மேடை இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் தொடரும்.

இத்துன்பத்தைப் பெரிதும் தவிர்க்க இன்று ஒரு வழி உண்டு. மரத்தை அறுக்குமுன் கணினித் திரையில் அடுக்களையை அமைத்துப் பார்ப்பதே அது.

சமையலறையைத் திட்டமிட்டு வரைவது இன்று தோன்றிய பழக்கமன்று. 1926ஆம் ஆண்டில் மார்கரேட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அதன் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் உணவுப் பெட்டியின் சிறு சமையற்கட்டை முன்மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தையும் நடையையும் கணக்கிட்டு அவர் அதனை அமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது இடம்பெற்றது. இன்றைய மாடுலர் சமையலறைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. வேலையை அளந்து பார்த்து அதற்கேற்ப அலமாரியை அமைக்கவேண்டும் என்பதே அது தரும் பாடம்.

அன்று கட்டடக் கலைஞரால் மட்டுமே இயன்ற அப்பணியை இன்று நம் பிள்ளைகளின் துணையோடு நாமே செய்யலாம். ஸ்வீட் ஹோம் த்ரீ டி என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் ஒரு புறம் தரைப்படத்தை வரைந்தால், மறுபுறம் அதே அறை முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். ஸ்கெட்சப் என்பது மற்றொன்று. ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே வரைய விரும்புவோர்க்கு அது ஏற்றது; இணையத்திலேயே இயங்கும் விலையில்லாப் பதிப்பும் அதற்கு உண்டு. எதனைக் கையாண்டாலும் கீழ்க்காணும் குறிப்புகள் பொருந்தும்.

முதலில் அறை; பின்னரே அலமாரி

பலர் மென்பொருளைத் திறந்தவுடன் அழகிய அலமாரிகளை இழுத்துவைக்கத் தொடங்குகின்றனர். அது கூடாது. முதலில் அளவுநாடாவோடு அடுக்களைக்குள் செல்லவேண்டும். சுவர்ப்பூச்சும் ஓடு பதித்தலும் முடிந்தபின் எடுக்கும் அளவே மெய்யான அளவு. எந்தச் சுவரும் முற்றிலும் நேராக இராது. ஆதலின், ஒவ்வொரு சுவரின் நீளத்தையும் தரையருகே, மேடை மட்டத்தில், தலைக்கு மேல் என மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் சிறியதைக் கொள்க. அறையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தால், அறை சதுரமாக உள்ளதா, கோணலா என்பது விளங்கிவிடும்.

சன்னலின் அடிமட்டம், கதவு திறக்கும் திசை, குழாய், கழிவுநீர்ப் போக்கி, மின்செருகி, உத்திரம் ஆகிய எல்லாவற்றையும் திரையில் குறிக்கவேண்டும். பொறியாளர் தந்த வரைபடம் கையில் இருப்பின், அதனைப் படமாக எடுத்து ஸ்வீட் ஹோமில் பின்னணியாக வைக்கலாம். அதிலுள்ள ஒரு சுவரின் உண்மை நீளத்தைக் குறிப்பிட்டால், படம் முழுவதும் அந்த அளவுக்கு இசைந்துவிடும்.

அளவின் அலகையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்க. தச்சர் அங்குலத்திலும் நூலிலும் பேசுவார். பலகையோ மில்லிமீட்டரில் விற்கப்படுகிறது. 18 மி.மீ. பலகையை "முக்கால் அங்குலம்" என்று கொண்டால் ஒவ்வொரு பலகையிலும் ஏறத்தாழ 1 மி.மீ. பிழை சேரும். நான்கு பெட்டிகள் வரிசையாக நிற்கும்பொழுது பலகைகள் எட்டு. கடைசிப் பெட்டி நுழையாமல் நிற்க அப்பிழையே போதும். மில்லிமீட்டரில் வரைந்து, தச்சரிடம் பேசும்பொழுது மட்டும் அங்குலத்தில் சொல்வது நலம்.

நம் மேடையும் அயல்நாட்டுப் பெட்டியும்

மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும் அலமாரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க முறையைச் சார்ந்தவை. அங்கே அலமாரிப் பெட்டிகளைத் தரையில் நிறுத்தி, அவற்றின்மேல் மேற்பலகையை வைக்கின்றனர். நம் வீடுகளிலோ முதலில் கான்கிரீட்டிலோ கடப்பைக் கல்லிலோ மேடை அமைந்துவிடுகிறது. அதன் கீழுள்ள கண்களில்தான் அலமாரி பொருத்தப்படுகிறது. இவ்வேற்றுமையை மறந்து ஆயத்தப் பெட்டிகளை அப்படியே வைத்தால், படம் அழகாயிருக்கும், பெட்டி நுழையாது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மேடையின் உயரம் 84 செ.மீ. எனக் கொள்வோம். அதில் கருங்கல் 2, கான்கிரீட் 8, கால்விரல் நுழைய அடியில் விடும் இடைவெளி 10 ஆகியவற்றைக் கழித்தால், அலமாரிக்கு மிஞ்சுவது 64 செ.மீ. மட்டுமே. ஐரோப்பிய முறையில் பரவலாக வழங்கும் 72 செ.மீ. உயரப் பெட்டி அதில் எவ்வாறு நுழையும்?

எனவே, வெறும் கனச்செவ்வகங்களைக் கொண்டு மேடையை முதலில் வரைக. ஸ்வீட் ஹோமில் ஒவ்வொரு பொருளுக்கும் அகலம், ஆழம், உயரம் ஆகியவற்றோடு, தரையிலிருந்து அது எத்தனை உயரத்தில் தொடங்குகிறது என்பதையும் தரலாம். 10 செ.மீ. தடிப்புள்ள பலகையை 74 செ.மீ. உயரத்தில் நிறுத்தினால் மேடை கிடைத்துவிடும். நடுவே நிற்கும் கடப்பைக் கற்களையும் அவற்றின் தடிப்போடு வரையவேண்டும். அதன்பின் ஒவ்வொரு கண்ணுக்கும் அலமாரி அமைக்கலாம்.

சமைப்பவரின் முழங்கையே அளவுகோல்

மேற்சொன்ன 84 என்பது எடுத்துக்காட்டே. எல்லார்க்கும் உரிய விதியன்று. அடுக்களையில் நிற்பவர் கையைத் தளர்த்தி மடக்கி நிற்கும்பொழுது, தரையிலிருந்து முழங்கை வரை அளக்கவேண்டும். அதினின்று 10 முதல் 15 செ.மீ. குறைவாக மேடை அமைவது பொதுவாக வசதியானது. அடுப்பின்மேல் பாத்திரம் ஏறுவதால், அடுப்புள்ள பகுதி சற்றுத் தாழ்ந்திருத்தலும் நன்று. மாமியும் மருமகளும் மாறி மாறிச் சமைக்கும் வீடாயின், இருவரையும் அளந்து இடைப்பட்ட உயரத்தைக் கொள்ளலாம்.

திரையில் அறைக்குள் நடந்து பார்க்கும் வசதியும் உண்டு. அதில் மென்பொருள் தானாகத் தரும் கண்மட்டத்தை ஏற்காமல், சமைப்பவரின் கண்மட்டத்தைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். மேல் அலமாரி முகத்தை மறைக்கிறதா என்பது உடனே தெரியும். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே 45 முதல் 60 செ.மீ. வரை விடுவது வழக்கம். மேல் அலமாரியின் ஆழம் 30 முதல் 35 செ.மீ. போதும், அதற்கு மிஞ்சினால் நெற்றியில் இடிக்கும். சமைப்பவர் கையை நீட்டித் தொடக்கூடிய உயரத்தில் ஒரு கோடு வரைக. நாள்தோறும் வேண்டியவை அக்கோட்டிற்குக் கீழே இருக்கட்டும். கிறிஸ்துமஸ் பலகாரத்திற்கு எடுக்கும் பெரிய வாணலி அதற்கு மேலே போகட்டும்.

பலகையின் தடிப்பை மறவற்க

அலமாரியை ஒரே பெட்டியாக வரைந்தால் வெளி அளவே தெரியும். நமக்கு வேண்டியது உள்ளளவு. 600 மி.மீ. அகலப் பெட்டியில் இருபுறமும் 18 மி.மீ. பலகை போக மிஞ்சுவது 564 மி.மீ. உட்புறம் மைக்கா ஒட்டினால் 562 ஆகும். இழுப்பறை ஓடும் உலோகச் சட்டம் பக்கத்திற்கு 12.5 மி.மீ. கொள்ளும், எனவே இழுப்பறையின் வெளியகலம் 537 ஆகிறது. அதன் பக்கப் பலகைகள் 12 மி.மீ. வீதம் போக, கரண்டியும் தட்டும் வைக்கக் கிடைப்பது 513 மி.மீ. மட்டுமே! கண்ணுக்கு 60 செ.மீ. என்று தோன்றியது 51 ஆகச் சுருங்கிவிட்டது.

ஆழத்தையும் இவ்வாறே கணக்கிடுக. 60 செ.மீ. மேடையில், முன்புறம் கல் நீண்டிருக்கும் 3 செ.மீ., கதவின் தடிப்பு 2 செ.மீ. ஆகியவை போக மிஞ்சுவது 55. அதில் 50 செ.மீ. சட்டம் அமையும். கழுவுதொட்டியின் கீழே குழாய்கள் இருப்பதால், அங்கே இழுப்பறை வேண்டா; கதவே போதும்.

ஸ்கெட்சப்பில் வரைவோர், ஒருபோலப் பலமுறை வரும் அலமாரியை ஒரே உறுப்பாக அமைத்துப் படியெடுத்தல் நலம். ஒன்றைத் திருத்தினால் மற்றவை யாவும் தாமே திருந்தும். ஒன்றை மட்டும் மாற்ற விரும்பினால், முதலில் அதனைத் தனியாகப் பிரித்துவிடவேண்டும். இல்லையேல் எல்லாம் மாறிவிடும்.

பாத்திரங்களையும் வரைக

அலமாரி பாத்திரத்திற்காகவே, பாத்திரம் அலமாரிக்காக அன்று. இட்லிக் கொப்பரை, அழுத்தக் கொதிகலன், அரிசி வாளி, மாவரைக்கும் பொறி, குடம் ஆகியவற்றை அளந்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் எளிய உருளையை வரைந்து தட்டில் வைத்துப் பார்க்கவேண்டும். உயரத்திற்கு மேல் ஒரு கை நுழையும் இடமும் வேண்டும். மாவரைக்கும் பொறி கனமானது. அதனை மேலே ஏற்றி இறக்கும்படி வைத்தல் கூடாது. மேடையிலேயே அதற்கு நிலையான இடமும் அருகே மின்செருகியும் ஒதுக்குக.

கதவுகளைத் திறந்து பார்க்க

மூடிய அலமாரி எதனோடும் மோதுவதில்லை. திறந்த அலமாரியே மோதும். ஆகவே, ஒவ்வொரு கதவும் இழுப்பறையும் திறந்த நிலையில் எத்தனை இடம் கொள்கின்றன என்று தரைப்படத்தில் வரையவேண்டும். மூலையில் இரு வரிசைகள் சேருமிடத்தில் 5 செ.மீ. அளவுக்கு ஒரு நிரப்புப் பலகை விட்டால், ஒன்றின் கைப்பிடி மற்றொன்றின் இழுப்பறையைத் தடுக்காது. குளிர்ப்பெட்டியின் கதவு சுவரில் இடித்து, உள்ளிருக்கும் தட்டு வெளிவராமற் போவதும் உண்டு; அதனையும் சோதிக்க.

அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்ப்பெட்டி மூன்றையும் கோடுகளால் இணைத்துப் பார்த்தல் பயன்தரும். இம்முக்கோணத்தின் சுற்றளவு 13 அடிக்கும் 26 அடிக்கும் இடையில் இருத்தல் நலம் என்பது, 1940களில் அமெரிக்க இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலிருந்து வழங்கிவரும் கணக்கு.

எரிவாயு உருளைக்கு அழகைவிடக் காப்பே முதன்மை

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையருகே தங்கும். ஆதலின், உருளையை இறுக மூடிய அலமாரியில் வைத்தல் கூடாது. அந்தக் கண்ணில் அடிப்பலகையை நீக்கிவிட்டு, கதவின் அடியிலும் மேலும் காற்றுவழி வரைக. உருளை நிமிர்ந்தே நிற்கவேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும். சீராக்கியும் குழாயும் சேர்ந்த முழு உயரத்தை அளந்து, அந்தக் கண் போதுமா என்று பார்க்கவேண்டும். சீராக்கியைக் கை எளிதில் எட்டி மூடவும் வேண்டும்.

படத்திலிருந்து பட்டறைக்கு

திரையிலுள்ள படம் பளபளக்கும். ஆயினும் தச்சருக்கு வேண்டியது எண்களே. தரைப்படம் ஒன்று, ஒவ்வொரு சுவரின் முன்தோற்றம் ஒன்று எனக் கறுப்பு வெள்ளையில் அளவுகளோடு அச்சிட்டுக் கொடுக்கவேண்டும். பலகைகளின் பட்டியலையும் சேர்க்க. ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடி என்னும் அளவில் வருவதால், எத்தனை பலகை வேண்டும் என்பது முன்னரே தெரியும். தண்ணீர் படும் கழுவுதொட்டிப் பகுதிக்கு ஐ.எஸ். 710 தரமுள்ள பலகையைக் கேட்டு வாங்குதல் நன்று.

இறுதியாக ஒரு சோதனை. அலமாரிகளின் அளவைச் சுண்ணக்கட்டியால் அடுக்களைத் தரையில் அப்படியே வரைந்து, இருவர் ஒரே நேரத்தில் அங்கே நடந்து பார்க்கவேண்டும். திரை காட்டாத நெருக்கடியைக் கால் காட்டிவிடும். தச்சரின் சொல்லுக்கும் செவிகொடுக்கவேண்டும். மென்பொருள் அறியாத சுவரின் கோணலும் மரத்தின் குணமும் அவர் கைக்குத் தெரியும்.

கணினியை இயக்குவது மகனாயிருக்கலாம். பணம் தருவது தந்தையாயிருக்கலாம். ஆனால், ஒவ்வொரு அளவையும் உறுதிசெய்யும் உரிமை அங்கே நின்று சமைப்பவருடையது. அவரை அருகில் அமர்த்தி, "இங்கே கை எட்டுமா? இந்தத் தட்டில் எதை வைப்பீர்கள்?" என்று கேட்டுக் கேட்டு வரைவோமாக. நாம் கேளாமல் விட்ட கேள்விக்கு அவர் உடலே பின்னர் விடை சொல்லவேண்டியிருக்கும். திரையில் ஒரு கோட்டை அழித்து வரைய ஒரு நொடி போதும், செலவும் இல்லை.