பட்டியலுக்கும் ஒரு பூட்டு வேண்டும்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தனர். நிவாரணம், வாக்காளர் பதிவு, மீள்குடியேற்றம், காணி என்று அன்றுமுதல் அவர்களது வாழ்க்கை பட்டியல்களோடு பிணைந்தது.

பாலாவியில் ஓர் அமைப்பு காணி விவரங்களைத் திரட்டியபோது நானும் உதவினேன். ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரே எக்செல் படிவம். ஒருநாள் யாரோ பெயர் நிரலை மட்டும் அகரவரிசைப்படுத்திச் சேமித்துவிட்டார். ஒருவரின் பெயருக்கு நேரே இன்னொருவரின் அடையாள அட்டை இலக்கம். கையால் நிரப்பிய படிவங்களைப் பார்த்துத் திருத்த இரண்டு நாட்கள் போயின.

இதைத் தடுப்பது எளிது. எக்செல்லில் எல்லாக் கட்டங்களும் ஆரம்பத்திலேயே ‘லொக்ட்’ என்றுதான் இருக்கும். ஆனால், தாளைப் பாதுகாக்கும்வரை அதற்குப் பலனில்லை. ஆகவே:

1. விவரம் நிரப்பவேண்டிய கட்டங்களைத் தெரிந்து, ‘ஃபோர்மற் செல்ஸ்’ஸில் ‘புரொடெக்‌ஷன்’ பகுதிக்குச் சென்று ‘லொக்ட்’ அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

2. ‘ரிவியூ’வில் ‘புரொடெக்ட் ஷீட்’ கொடுங்கள். ‘சோர்ட்’டுக்கு அனுமதி வழங்காதீர்கள். தலைப்புகளும் சூத்திரங்களும் வரிசையும் அப்படியே இருக்கும்.

3. மூலப் படிவத்தை ‘எக்செல் டெம்ப்ளேட்’டாகச் சேமியுங்கள். கோப்பை இருமுறை சொடுக்கினால் புதிய பிரதியே திறக்கும்.

கூகுள் ஷீட்ஸில் ‘டேட்டா’ பட்டியலில் இதே வசதி உண்டு. தவறு நடந்தாலும் ‘வேர்ஷன் ஹிஸ்டரி’யில் பழைய நிலையை மீட்கலாம்.

ஒன்றை மறக்கவேண்டாம். இந்தப் பூட்டு கைத்தவறைத்தான் தடுக்கும், களவைத் தடுக்காது. அதற்குக் கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் வைக்கவேண்டும். பெயர்ப்பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் மக்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.