குளிசை பற்றிய சேதி: யார் சொன்னால் நம்பலாம்?

2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, பார்வை தெளிவதற்குப் பதிலாகக் கண்ணுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டது. பார்வையையே இழந்தவர்களும் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின் விடப்படும் பிரெட்னிசொலோன் கண்துளி மருந்தின்மீது சந்தேகம் விழுந்தது. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலும் இதே முறைப்பாடு எழுந்தது. குஜராத்தில் தயாரான அந்த மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. அதைத் தயாரித்த நிறுவனம் இந்தியாவிலும் விசாரணைக்கு உள்ளானது.

அந்தப் போத்தலோடு வரும் துண்டுப்பிரசுரத்தை ஒருவர் வரிவரியாகப் படித்திருந்தாலும் இந்த ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்காது. மருந்துக்குள் கிருமி இருக்கலாம் என்று எந்தப் பிரசுரமும் எழுதாது. நோயாளிகளிடம் கண்ட பாதிப்பு வைத்தியசாலைகளிலிருந்து மேலிடத்துக்குப் போனதால்தான் விஷயம் வெளியே வந்தது.

மருந்தின் பக்கவிளைவு பற்றி ஒரு சேதி வந்தால், அதைச் சொன்னவர் யார் என்பதோடு, அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பதையும் பார்க்க வேண்டும். கேள்விகள் மூன்று. இந்த மருந்துக்கே இப்படி ஒரு குணம் உண்டா? நம் கையில் உள்ள இந்தத் தொகுதி தரமானதா? என் உடம்பில் இப்போது நடப்பது இதனால்தானா? முதலாவதற்குத் துண்டுப்பிரசுரமும் மருந்து நூல்களும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அரச அதிகாரசபை பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு உங்களைப் பரிசோதித்த வைத்தியர்தான் பதில் சொல்ல முடியும். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளும்போதுதான் நாம் ஏமாறுகிறோம்.

வட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கை

"சுகர் குளிசை குடித்தால் கிட்னி போய்விடும்" என்ற பேச்சைக் கேட்காத தோட்டத்து லயம் குறைவு. கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபோர்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதன் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். இந்த உண்மையைத்தான் யாரோ தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். உண்மையில் சிறுநீரகத்தை அரிப்பது கட்டுக்குள் இல்லாத சர்க்கரை. மெட்ஃபோர்மினால் பலருக்கு வருவது வயிற்றுப் பொருமலும் வயிற்றோட்டமும். சாப்பாட்டோடு எடுத்தால், அளவை மெல்ல மெல்லக் கூட்டினால், பெரும்பாலும் தணிந்துவிடும்.

இப்படி ஒரு சேதி வந்தால் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். மருந்தின் பெயர் இருக்கிறதா, அல்லது "சுகர் குளிசை", "பிரஷர் குளிசை" என்று பொதுவாகச் சொல்கிறதா? எந்த அளவில், எத்தனை பேரில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்று சொல்கிறதா? எழுதியவரின் பெயரும் திகதியும் இருக்கிறதா? கடைசியில் ஏதாவது விற்கிறதா? ஆங்கில மருந்தை விடச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே ஒரு பவுடரையோ சூரணத்தையோ காட்டினால், அந்தச் சேதியை அங்கேயே அழித்துவிடலாம்.

நீளமான பட்டியலைக் கண்டு பயம்

துண்டுப்பிரசுரம் நம்பத்தக்க மூலந்தான். ஆனால் அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. "மிகப் பொதுவானது" என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வரக்கூடியது. "பொதுவானது" என்றால் நூற்றில் ஒருவரிலிருந்து பத்தில் ஒருவர்வரை. "அரிதானது" என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. "மிக அரிதானது" என்றால் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. மருந்து சந்தைக்கு வந்த பிறகு யாரோ முறையிட்ட கோளாறுகளும் அந்தப் பட்டியலில் சேரும். அவையெல்லாம் அந்த மருந்தால்தான் வந்தன என்று நிரூபிக்கப்பட்டவை அல்ல.

பயமே உபாதை தரும் என்பதற்கும் சான்று உண்டு. கொலஸ்ட்ரோலுக்கான ஸ்டாட்டின் குளிசையைப் பக்கவிளைவு தாங்காமல் நிறுத்திய 60 பேரை இலண்டனில் ஆராய்ந்தார்கள். சில மாதம் உண்மையான குளிசை, சில மாதம் மருந்தே இல்லாத வெறுங்குளிசை, சில மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினால் வந்ததாக உணர்ந்த உபாதையில் ஏறத்தாழ 90 வீதம் வெறுங்குளிசையிலும் வந்தது. முடிவு 2020இல் வெளியானது. அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி உண்மையானது. அதன் காரணம்தான் பெரும்பாலும் வேறு.

அடுத்த வீட்டு அனுபவம்

அதற்காக அயலவர் சொல்வதைத் தள்ளிவிடவும் கூடாது. "எனலாப்ரில் எடுத்ததிலிருந்து வறட்டு இருமல் நிற்கவில்லை" என்று பக்கத்து லயத்து அக்கா சொன்னால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அந்த வகை பிரஷர் மருந்துக்கு அது தெரிந்த குணம். வைத்தியரிடம் சொன்னால் லொசார்டான் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவார். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவதும் அப்படித்தான். அனுபவம் ஒரு தடயம். அதை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அதை வைத்து நாமே குளிசையை நிறுத்தக் கூடாது. அடெனொலோல், பிரெட்னிசொலோன் குளிசை, வலிப்பு மருந்துகள் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து.

கர்ப்பிணிகள் இரும்புச்சத்துக் குளிசையை "மலம் கறுப்பாகப் போகிறது" என்று பயந்து குப்பையில் போடுவதுண்டு. அந்தக் கறுப்பு இரும்பின் நிறம், கெடுதி இல்லை. ஆனால் அந்தக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. தேயிலையில் உள்ள ஒரு பொருளே அதைத் தடுக்கிறது. தண்ணீரோடு எடுங்கள், தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப் போடுங்கள்.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று இருக்கிறது. கூடை சுமந்து, மலையேறி, இடுப்பு வலிக்கிறது என்று கடையில் வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கும் டைக்ளோபெனாக் குளிசை. நாள்பட எடுத்தால் வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் வரலாம். எனலாப்ரில், லொசார்டான் போன்ற பிரஷர் மருந்தும் நீர் போகும் குளிசையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு உண்மையான கேடு வரலாம். பெயரில்லாத கடதாசிச் சுருளில் "மூட்டுவலிக்கு நல்லது" என்று தரும் குளிசையில் ஸ்டீரொய்ட் இருக்கலாம். உடனே சுகம் கிடைக்கும். சர்க்கரையும் பிரஷரும் பின்னால் ஏறும். பெயர் தெரியாத குளிசையை விழுங்காதீர்கள்.

அரச அறிவிப்பு

இலங்கையில் மருந்துகளைப் பதிவு செய்வதும், தரமற்றதைத் தடுப்பதும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் வேலை. ஒரு மருந்து நிறுத்தப்பட்டது என்ற சேதி வந்தால் அதிகாரசபையின் அறிவிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், தொகுதி இலக்கம் மூன்றும் உங்கள் பெட்டியோடு பொருந்த வேண்டும். ஒரு தொகுதி விலக்கப்பட்டால் அந்தப் பெயரிலுள்ள எல்லா மருந்தும் கெட்டது என்று பொருளல்ல.

அரசாங்கம் சொல்வதை மட்டும் நம்பினால் போதுமா? போதாது. தரமற்ற இமியூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அவசரக் கொள்வனவுகள் எப்படி நடந்தன என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. அதனால்தான் நோயாளியின் முறைப்பாடும் கண்காணிப்பின் ஒரு பகுதி.

உங்கள் உரிமை, உங்கள் வழி

தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து அரசகரும மொழி. குளிசை உறையில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால் தமிழில் எழுதித் தரும்படி கேட்பது சலுகை கோருவதல்ல. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தோட்டத்து மருந்துசாலையானாலும் டிக்கோயா வைத்தியசாலையானாலும் மருந்து வாங்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

"டொக்டர் ஐயா, இந்தக் குளிசையின் பெயர் என்ன, எதற்கு?"
"எது வந்தால் பொறுக்கலாம், எது வந்தால் உடனே வர வேண்டும்?"
"நான் ஏற்கெனவே குடிக்கும் மருந்தோடு இது ஒத்துப்போகுமா?"

பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். உதடு, முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், தோல் கொப்பளித்தால் காத்திருக்க வேண்டாம்; 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

பாதிப்பு வந்துவிட்டால் குளிசை அட்டையையும் போத்தலையும் வீசாதீர்கள். தொகுதி இலக்கம் அதில்தான் இருக்கிறது. எந்த நாள் எடுத்தீர்கள், எப்போது என்ன ஆனது என்று குறித்து வையுங்கள். பக்கவிளைவு அறிக்கையை அதிகாரசபைக்கு அனுப்பும்படி வைத்தியரிடமும் மருந்தாளரிடமும் கேளுங்கள். இலங்கை 2000ஆம் ஆண்டிலிருந்து உலக சுகாதார அமைப்பின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் உறுப்பு நாடு. நுவரெலியாவிலிருந்து போகும் ஓர் அறிக்கையும் உலகக் கணக்கில் சேர முடியும்.

அரச வைத்தியசாலை தகவல் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு எல்லை. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்; அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

மருந்தை விடுவதற்கு முன் வைத்தியரைக் கேளுங்கள். சேதியை மற்றவருக்கு அனுப்புவதற்கு முன் அதில் மருந்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பில் கோளாறு கண்டால் மௌனமாக இருக்காதீர்கள்.