நீரில்லாக் கரை

அமெரிக்க நாட்டின் ஓக்லகோமா மாநிலத்தில், கார்டெல் என்னும் ஊரை அடுத்துக் கிளவுடு ஓடையின் குறுக்கே ஒரு மண்கரை நிற்கின்றது. 1948-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அதன் பணி நிறைவுற்றது. பாசனத்திற்கோ மின்னாக்கத்திற்கோ கட்டியதன்று அது. ஓடையின் தலைப்பகுதியிலேயே வெள்ளத்தை மறித்து, சிறுகச் சிறுகக் கீழே விடுவது ஒன்றே அதன் தொழில். அந்நாட்டு மண்காப்புப் பணியகம் இந்நோக்கத்துடன் எழுப்பிய சிற்றணைகளுள் அதுவே முதலாவது. இன்று அத்தகைய அணைகள் 47 மாநிலங்களில் 11,800 அளவில் உள்ளன. ஓக்லகோமாவில் மட்டும் 2,100-க்கு மேல்.

இத்தனை கரைகள் எழுந்ததற்கு ஒரு துயரப் பின்னணி உண்டு. 1934 ஏப்ரல் தொடக்கத்தில் வாசிட்டா ஆற்றின் தலைப்பகுதியில் கொட்டிய பெருமழை, ஆமன் என்ற சிற்றூரில் 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பேராற்றில் பேரணை கட்டினால் அதன் கீழுள்ள நகரங்கள் பிழைக்கும். மேலே ஓடைக்கரையில் வாழும் உழவருக்கு அதனால் பயனில்லை. ஆகவே, மழை விழுந்த இடத்தருகிலேயே அதனைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1944-ஆம் ஆண்டின் வெள்ளத்தடுப்புச் சட்டம் வாசிட்டா உள்ளிட்ட 11 வடிநிலங்களில் அதற்கு வழி திறந்தது. 1954-இல் வந்த சட்டம் அதனை நாடு முழுமைக்கும் விரித்தது.

சிற்றணை செய்யும் வேலையை எளிய கணக்கொன்றால் காணலாம். ஓர் ஓடையின் வடிநிலம் 5 சதுரக் கிலோமீட்டர் எனக் கொள்வோம். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து, பாதி மண்ணில் இறங்கிப் பாதி ஓடி வந்தால் 2,50,000 கனமீட்டர் நீர் திரளும். அது மூன்று மணிநேரத்தில் வந்து சேர்ந்தால் நொடிக்கு 23 கனமீட்டர், ஓடை கரைபுரளும். அதே நீரைக் கரையொன்று தாங்கி, குழாய் வழியே நொடிக்கு ஒரு கனமீட்டர் வீதம் விட்டால், ஏறத்தாழ மூன்று நாளில் வடிந்துவிடும். ஓடை தன் கரைக்குள்ளேயே அடங்கி ஓடும். நீரின் அளவு சிறிதும் குறையவில்லை. அது வந்து சேரும் காலம் மட்டுமே நீண்டது.

ஏரிக்கரை கண்டு வளர்ந்த நமக்கு இவ்வணையின் உறுப்புகள் புதியன அல்ல. குழாய் நம் மதகை ஒக்கும். ஆனால் அதற்குக் கதவு இல்லை, எந்நேரமும் திறந்தே இருக்கும். அதன் வாய்க்கு மேல் நீர் ஏறியதும் தானே வெளியேறத் தொடங்கும். பெருமழையில் குழாயால் இயலாதபோது, கரையின் ஓரத்தே இயற்கை நிலத்தில் வெட்டிப் புல் வளர்த்த அகன்ற கலிங்கு மிகைநீரைச் சுற்றி அனுப்பும். ஏரி நீரைச் சேர்த்துவைக்கப் பிறந்தது. இக்கரையோ நீரை விட்டுவிடப் பிறந்தது. கேடு நுழைவதும் இவ்வேறுபாட்டின் வழியேதான். ஏரிக்கரை ஆண்டுதோறும் நீரைத் தாங்கித் தன் வலிமையையும் குறையையும் காட்டிவிடும். வெள்ளத்தடுப்புக் கரையின் மேற்பகுதியோ பல்லாண்டு வெயிலில் காய்ந்து, வெடித்து, நீரையே காணாமல் கிடக்கும். பிறகு ஓர் இரவில் முழு வெள்ளத்தையும் முதன்முறையாகத் தாங்கியாக வேண்டும்.

மண்ணைக் குவித்தால் கரை ஆகிவிடாது. மண்ணில் ஈரம் மிகக் குறைந்தால் துகள்கள் நெருங்க மறுக்கும். மிகுந்தால் நீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே மண் மிகச் செறிவாய் இறுகும் ஓர் ஈரநிலை உண்டு என்பதை 1933-இல் பிராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் அளந்து காட்டினார். ஆதலால் மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து, உருளையால் அழுத்திய பின்னரே அடுத்த அடுக்கை இடுதல் வேண்டும். குழாயைச் சுற்றியுள்ள மண்ணை உருளை எட்டாது. கைக்கருவியால்தான் இடிக்க வேண்டும். கரையின் மெலிந்த இடம் பெரும்பாலும் அதுவே.

எவ்வளவு இறுகினும் மண்கரை கசியும். கசிவு குற்றமன்று, கசியும் நீர் மண்ணைத் தன்னோடு கொண்டுபோவதே குற்றம். கீழ்ச்சரிவில் ஒரு துகள் பெயர்ந்தால் அதன் பின்னிருந்த துகள் பிடி தளரும். அரிப்பு வெளியிலிருந்து உள்நோக்கி நடந்து, முடிவில் மேற்புற நீரை எட்டும் புழையாகிவிடும். இதனைத் தடுக்க மண்ணியக்கவியலின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் தெர்சாகி தந்த வழி மணல். கசிவு வெளியேறும் இடத்தில் தேர்ந்தெடுத்த மணற்படலம் ஒன்றை வைத்தால், நீர் போகும், மண் நிற்கும். மணலின் இடைவெளிகள் கரைமண்ணின் பருந்துகள்களைப் பிடிக்கும் அளவுக்குச் சிறியனவாகவும், நீருக்குத் தடையாகாத அளவுக்குப் பெரியனவாகவும் இருக்க வேண்டும். பிடிபட்ட பருந்துகள்கள் தமக்குப் பின்வரும் நுண்துகள்களைப் பிடித்துக்கொள்ளும். முன்னாளில் குழாயைச் சுற்றிக் கற்காரை வளையங்கள் அமைத்தனர். அவ்வளையங்களின் ஓரத்தில் மண் சரியாக இறுகவில்லை. 1980-களிலிருந்து மணற்படலமே அவ்விடத்தைப் பெற்றது. நல்ல மணல் செய்யும் காவலுக்கு ஈடான ஒன்றை மண்ணணைப் பொறியியல் இன்னும் கண்டதில்லை என்பது என் துணிபு.

ஆயினும் ஒரு புதிர் நின்றது. ஓக்லகோமாவிலும் மிசிசிப்பியிலும் நல்ல களிமண்ணால் முறைப்படி கட்டிய சிற்றணைகள் சில, முதல் வெள்ளம் தொட்ட அளவிலேயே புழை விழுந்து உடைந்தன. களிமண் அரிப்பை எதிர்க்கும் என்பதன்றோ பொதுக்கருத்து? பொறியாளர் சேம்சு செரார்டும் அவர்தம் துணைவர்களும் 1970-களில் இதற்கு விடை கண்டனர். குற்றவாளி, மண்ணிடை நீரில் மிகுந்திருந்த சோடியம். அது மிகுந்த களியில் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். ஓடும் நீர் பெயர்க்க வேண்டியதில்லை. நிற்கும் தூயநீரிலேயே அவை பிரிந்து மிதக்கும். கோடையில் விழுந்த மெல்லிய வெடிப்பில் மழைவெள்ளம் நுழைந்தால், வேறு களி ஊறிப் பருத்து வெடிப்பை அடைத்துவிடும். இக்களியோ கரைந்து வெடிப்பை வாய்க்காலாக்கும்.

இதனைக் கண்டறிய அவர்கள் வகுத்த ஆய்வு வியக்கத்தக்க எளிமை உடையது. இறுக்கிய மண்துண்டில் 1 மில்லிமீட்டர் துளையிட்டு வாலைவடிநீரைச் செலுத்த வேண்டும். தெளிவாய் வெளிவந்தால் மண் நன்று; கலங்கி வந்து துளையும் அகன்றால் தீது. அதனினும் எளியது, ஒரு மண்கட்டியைக் கண்ணாடிக் குவளை நீரில் இட்டு அசைக்காமல் நோக்குதல். கட்டியைச் சுற்றிப் புகைபோல் கலங்கல் பரவினால் ஐயுற வேண்டும். அத்தகைய மண்ணைச் சுண்ணாம்பு கலந்து திருத்தலாம், மணற்படலத்தாலும் காக்கலாம்.

உள்ளிருந்து அரிப்பது ஒரு கேடு. மேலேறி வழிவது மற்றொன்று. ஓக்லகோமாவின் இசுட்டில்வாட்டர் நகரிலுள்ள வேளாண் துறையின் நீரியல் ஆய்வகத்தில், ஆளுயரக் கரைகளைக் கட்டி, வேண்டுமென்றே நீரை மேலேற்றி உடையவிட்டு ஆராய்ந்தனர். வழியும் நீர் கீழ்ச்சரிவில் படியொன்றை வெட்டுகிறது. அந்தப் படி சிறிது சிறிதாகப் பின்வாங்கிக் கரையின் முகட்டைக் கடந்ததும் உடைப்பு விரைகிறது. மணற்பாங்கான கரை ஒரு மணிநேரம்கூடத் தாங்கவில்லை. நன்கு இறுக்கிய களிக்கரை நெடுநேரம் நின்றது. கீழூர் மக்கள் தப்ப அந்த நேரமே போதும்.

அவ்வாறு தப்ப நேரமின்றி மாண்டவர்களை நினையாமல் இதனை எழுத இயலவில்லை. 1977 நவம்பர் 6, சியார்சியா மாநிலத்தின் தொக்கோவா. பின்னிரவு ஒன்றரை மணியளவில், கெல்லி பார்ன்சு அணை பெருமழையில் உடைந்து, கீழிருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேரைக் கொன்றது. மின்னாக்கத்திற்கெனத் தோன்றி, பின்பு அத்தொழிலும் கைவிடப்பட்ட அம்மண்ணணையின் உயரம் 12 மீட்டர் அளவே. கீழ்ச்சரிவு செங்குத்தாய் இருந்தது; அதன்மேல் மரங்கள் வளர்ந்திருந்தன; 1973-லேயே அச்சரிவில் ஒரு பகுதி சரிந்திருந்ததைப் பழைய ஒளிப்படம் காட்டிற்று. உடைப்புக்கு ஒற்றைக் காரணத்தை ஆய்வுக்குழுவால் சுட்ட முடியவில்லை. பல குறைகள் கூடின என்றே முடிவு செய்தது. அதன் பின்னரே, உடைந்தால் உயிரிழப்பு மிகும் தனியார் அணைகளையும் பார்வையிட அந்நாட்டுத் தலைவர் கார்ட்டர் ஆணையிட்டார்.

ஓக்லகோமா அணைகள் பெரும்பாலும் 50 ஆண்டு உழைப்பை எண்ணி வரையப்பட்டவை. பலவற்றுக்கு அக்காலம் கடந்துவிட்டது. வயல்களைக் காக்கக் கட்டிய கரையின் கீழே இன்று வீடுகள் உள்ளன. கரை மாறவில்லை, அது உடைந்தால் விளையும் இழப்பு மாறிவிட்டது. இந்த மாற்றத்தை வரைபடத்தில் பதித்து, கலிங்கை அகலப்படுத்தி, பழங்குழாயை மாற்றும் பணிக்குப் பொருள் ஒதுக்காமல் விடுவது பெரும்பிழை.

எந்நாட்டு மண்கரையாயினும், அதன் கீழே வாழ்வோர் தாமே செய்யத்தக்கவை சில உண்டு. சரிவில் மரம் வேரூன்ற விடாதீர். பட்ட மரத்தின் வேர் மக்கி நீருக்கு வழியாகும். கொறிணிகள் குடைந்த வளையை அன்றே அடைத்துவிடுங்கள். மழைக்கு முன்னும் மழையின்போதும் கீழ்ச்சரிவை நடந்து பாருங்கள். குழாய் வெளிவரும் இடத்தில் நின்று நோக்குங்கள். கசிவு தெளிந்திருந்தால் அளந்து குறித்து வையுங்கள். கலங்கியிருந்தால், விடியும்வரை காத்திராமல் அப்பொழுதே கீழூரை மேட்டுக்கு அனுப்புங்கள்.